வழித்தெடுத்த வெண்ணெய்

நான்: நேற்று ராத்திரி ஒரு பழைய டென்மார்க் படம் பார்த்தேன். 1925இல் வந்த ஊமைப் படம், இயக்கியவர் கார்ல் தியோடர் டிரையர். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘உன் மனைவியை மதிப்பாயாக’. அத்தை, நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அத்தை: தலைப்பே நன்றாக இருக்கிறதே கண்ணு. கதை என்ன?

நான்: கோபன்ஹேகனில் ஒரு சின்ன வீடு. தொழில் நொடித்துப்போன கோபத்தை விக்டர் வீட்டில் காட்டுகிறான். மனைவி இடா விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறாள். அவனுக்கு எதிலும் குறைதான். ரொட்டியில் வெண்ணெய் போதாதென்று தன் ரொட்டியில் இருப்பதை வழித்து அவன் ரொட்டியில் தடவுகிறாள். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

அத்தை: ஐயோ பாவம்.

சித்தப்பா: நகைச்சுவைப் படம் என்றல்லவா கேள்விப்பட்டேன்? ஸ்வென் ரின்டோம் எழுதிய ‘கொடுங்கோலனின் வீழ்ச்சி’ நாடகம்தானே இது?

நான்: அதேதான் சித்தப்பா. சிரிப்பு மாட்ஸ் பாட்டி வந்த பிறகு. விக்டரைச் சிறுவயதில் வளர்த்தவர். இடாவை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அப்புறம் எல்லா வேலையும் விக்டர் தலையில்! தன் மகனை மூலையில் நிற்க வைத்தவன், கடைசியில் தானே மூலையில் நிற்கிறான்.

அத்தை: வளர்த்தவள் சொன்னால்தான் அவனுக்கு உறைக்கும். பெண்டாட்டி சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

அக்கா: அத்தை சொல்வது சரி. ஆனால் இடா திரும்பி வரும்வரை எனக்குப் பயமாகவே இருந்தது. உடம்பு அவ்வளவு கெட்டுப்போயிருந்தது அவளுக்கு.

சித்தப்பா: நீயும் பார்த்துவிட்டாயா?

அக்கா: போன வருஷமே பார்த்தேன் சித்தப்பா. அந்த வீடு செட் என்று நம்பவே முடியவில்லை. நிஜக் குடியிருப்பில் எடுக்கத்தான் டிரையர் நினைத்தாராம். இடம் போதாததால் ஸ்டூடியோவில் முழு வீட்டையே கட்டினார்களாம், தண்ணீர், கேஸ், மின்சாரம் எல்லாம் வருகிற மாதிரி.

நான்: அதனால்தான் இடா அந்தச் சமையலறையில் நிஜமாகவே வேலை செய்வது போல இருக்கிறது. மேடையில் பேச்சிலேயே கதையை நகர்த்திவிடலாம். இங்கே பேச்சு இல்லை, கை வேலைதான் கதை சொல்கிறது. வீட்டு வேலையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் நான் வேறு பார்த்ததில்லை.

சித்தப்பா: இந்தப் படம் பிரான்சில் நன்றாக ஓடியதால்தான் டிரையருக்கு அங்கே 1928இல் வந்த ஜோன் ஆஃப் ஆர்க் படம் கிடைத்தது.

அத்தை: எழுத்து போடுவார்களே, அது எந்த மொழியில்?

நான்: ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது அத்தை. முக்கால்வாசி இடத்தில் தேவையே படாது.

அத்தை: சரி, ஞாயிற்றுக்கிழமை வந்து டிவியில் போட்டுக் கொடு. மாமாவையும் உட்கார வைக்கிறேன்.

அக்கா: கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கவனியுங்கள் அத்தை. இப்போது சொல்ல மாட்டேன்.