ஒரே பியானோ, நாலு கை: முட்டல், ஊமைச் சுரம், பெடல்

கேள்வி: சுரப்பலகை

வணக்கம். ஆண்டு விழாவுக்கு இரண்டு மாணவர்கள் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் டி மேஜர் ராணுவ மார்ச் (பட்டியல் எண் டி. 733, முதலாவது) வாசிக்கிறார்கள். ஒரே அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோ. தனித்தனியாக வாசித்தால் இருவருமே சுத்தம். சேர்ந்து உட்கார்ந்ததும் நடுவில் கைகள் முட்டுகின்றன, சில கட்டைகளை அழுத்தினாலும் சத்தமே வருவதில்லை. சுரத்தை நீட்டிக்கும் வலது பெடலை யார் மிதிப்பது என்பதில் தினமும் பஞ்சாயத்து. பக்கம் திருப்பும்போது ஒருவர் நின்றுவிடுகிறார். எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?

பதில்: கட்டைவிரல்

முதலில் உட்காரும் இடம். 52 வெள்ளைக் கட்டைகளும் சேர்ந்து சுமார் 122 செ.மீ. ஆளுக்கு 61 செ.மீ. தான். பலகையின் சரிபாதி மிடில் சி (நடு ‘சி’ கட்டை) அல்ல. அதற்கு வலப்பக்கம் உள்ள ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் வருகிறது. மிடில் சி-யை எல்லையாக வைத்தால் செகண்டோவை (இடப்பக்கத்துக் கீழ்ச் சுரப் பகுதி) வாசிப்பவர் ஓரத்தில் நசுங்குவார். நீள பெஞ்சு வேண்டாம். உயரம் மாற்றக்கூடிய இரண்டு ஸ்டூல் போடுங்கள். தனியாக வாசிக்கும்போது உட்காருவதைவிட இருவரும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முழங்கைக்கு இடம் கிடைக்கும்.

முட்டுவது எப்போதும் ப்ரிமோவின் (வலப்பக்கத்து மேல்சுரப் பகுதி வாசிப்பவர்) இடது கையும் செகண்டோவின் வலது கையும்தான். அந்த இரண்டு கையை மட்டும் தனியாக எடுத்து, மெதுவாக வாசிக்க வையுங்கள். முட்டும் ஒவ்வொரு இடத்திலும் யார் கை மேலே, யார் கை கீழே என்று முடிவு செய்து பென்சிலால் எழுதிவிட வேண்டும். மேலே வருபவர் மணிக்கட்டை உயர்த்தி, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே போய் வாசிக்கட்டும். கீழே இருப்பவர் மணிக்கட்டைத் தாழ்த்தி, கட்டையின் வெளி விளிம்பில். அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேடையில் நிச்சயம் இடிக்கும்.

சத்தம் வராத கட்டை இயந்திரக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒருவர் விரல் இன்னும் அந்தக் கட்டையை விடவில்லை. கட்டை கீழேயே கிடந்தால் சுத்தியல் மறுபடி தயாராகாது. கிராண்டில் (கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோ) கட்டை பாதி எழும்பினாலே அடுத்த அடி விழும். அப்ரைட்டில் ஏறக்குறைய முழுதாக எழும்ப வேண்டும். அதனால் கிராண்டில் தப்பித்துக்கொள்ளும் இடம்கூட அப்ரைட்டில் ஊமையாகிவிடும். முதலில் வாசித்தவர் சுரத்தின் முழு நீளத்தையும் பிடிக்காமல், ஒரு பதினாறாம் பங்கு முன்னதாகவே கையை எடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சுரம் வந்தால், மெலடி யாரிடம் இருக்கிறதோ அவர் வாசிக்கட்டும். மற்றவர் தன் நோட்டில் அதை நீக்கிவிடலாம். பாவமில்லை.

பதில்: பாஸ்கிளெஃப்

பெடலில் பஞ்சாயத்தே வேண்டாம், அது செகண்டோவுடையது. சுருதிக்கூட்டு மாறுவதை முடிவு செய்யும் பேஸ் (அடிச் சுரம்) அவர் கையில் இருக்கிறது, வலது காலும் பெடல் பக்கம்தான். ப்ரிமோ மிதிக்க வேண்டுமானால் இடது காலைக் குறுக்கே நீட்ட வேண்டும்.

இதில் வழக்கமான தவறு, செகண்டோ தன் பகுதியை மட்டும் கேட்டுக்கொண்டே மிதிப்பது. மேலே மெலடி படிப்படியாக இறங்கும்போது எல்லாம் குழம்பிப்போகும். தன் பகுதியில் ஓய்வு வந்தால் காலையும் எடுத்துவிடுவார், மெலடி சட்டென்று வறண்டுவிடும். மருந்து ஒன்றுதான்: ப்ரிமோ மட்டும் வாசிக்கட்டும், செகண்டோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பெடல் மட்டும் போடட்டும். உங்கள் மார்ச்சில் தாள அடிகளுக்குப் பெடலே அதிகம் தேவையில்லை, வறட்சியாக இருந்தால்தான் அழகு.

சத்த அளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுவும் வரப்போகும் பிரச்சினை. கீழ் ஆக்டேவில் அடர்த்தியான கார்டு (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) எப்போதும் மெலடியை விழுங்கும். நோட்டில் இருவருக்கும் ஒரே ‘ஃபோர்ட்டே’ (பலமாக) போட்டிருந்தாலும் செகண்டோ ஒரு படி குறைத்தே வாசிக்க வேண்டும். கட்டையை விட்டு விரலை உயர்த்தாமல் மேற்பரப்பிலிருந்தே அழுத்தினால் குறையும்.

பதில்: மெட்ரோனோம்

பக்கம்: அச்சு நோட்டில் இடது பக்கம் செகண்டோ, வலது பக்கம் ப்ரிமோ. திருப்ப வேண்டிய மூலை ப்ரிமோ பக்கம் இருக்கிறது, அவர் வலது கையோ மெலடியில் மாட்டிக்கொண்டிருக்கும். யாருக்கு ஒரு கை ஓய்வோ அவரே திருப்ப வேண்டும். நோட்டில் அந்தப் பாரில் (தாளக் கட்டத்தில்) பெயரை எழுதி வையுங்கள். டேப்லெட் என்றால் இரண்டு வையுங்கள். இடப் பக்கங்களை ஒரு கோப்பாகவும் வலப் பக்கங்களை இன்னொன்றாகவும் பிரித்து, ஆளுக்கொரு புளூடூத் கால் சுவிட்ச். ப்ரிமோவுக்கு எந்தக் காலும் ஆகும். செகண்டோவுக்கு இடது கால்.

சுரப்பலகை

நன்றி சார். இரண்டு சந்தேகம். விழா மேடையில் டிஜிட்டல் பியானோதான் இருக்குமாம், பரவாயில்லையா? இன்னொரு மாணவியையும் சேர்த்து ஆறு கை வாசிக்க முடியுமா?

பதில்: கட்டைவிரல்

88 கட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 61 போதாது. பிறகு ‘டுவோ’ அல்லது ‘ட்வின்’ மோடை அணைத்து வையுங்கள். அது பலகையை இரண்டாக வெட்டி, இரு பக்கத்துக்கும் ஒரே ஆக்டேவைக் கொடுக்கும். ஆசிரியரும் மாணவரும் ஒரே பாடத்தை அருகருகே வாசிக்க வசதி, நாலு கை நோட்டுக்கு நாசம். ஒரே நேரத்தில் 64 ஒலி மட்டும் தரும் மாடலில் பெடலோடு நாலு கை சேர்ந்தால் பழைய சுரங்கள் வெட்டுப்படும். 128 இருந்தால் நல்லது.

ஆறு கைக்கு ஆளுக்கு 17 வெள்ளைக் கட்டை, 40 செ.மீ. பெரியவர்களுக்குத் தோள் இடமே அவ்வளவு. ஓரத்து இருவரும் சாய்வாக உட்கார வேண்டும், பெடல் நடு ஆளுக்கு. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃப் மூன்று சகோதரிகளுக்காக எழுதிய வால்ட்ஸும் (1890) ரொமான்ஸும் (1891) இருக்கின்றன. ரொமான்ஸின் தொடக்கத்தை அவரே பின்னாளில் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியில் எடுத்தாண்டார். இந்த விழாவுக்கு வேண்டாம். நாலு கை ஒழுங்காக வந்த பிறகு பார்க்கலாம்.