அலாரம் அடிச்சாலும் லைன்ல யாரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

பனியன்_லைன்: வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு கார்மெண்ட்ஸ் யூனிட்ல சேஃப்டி பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. ஸ்டிச்சிங் ரெண்டாவது மாடி, பேக்கிங் மூணாவது. பையர் (நம்மகிட்ட துணி வாங்கற கம்பெனி) ஆடிட் வந்தா மட்டும்தான் ஃபயர் ட்ரில், அதுலயும் அலாரம் அடிச்சா எல்லாரும் சூப்பர்வைசர் மூஞ்சிய பாக்கறாங்க, அவரு கைய காட்டி பீஸ முடிங்கன்னா அப்படியே தச்சுட்டே இருக்காங்க. பீஸ் ரேட் வேற, எந்திரிச்சா காசு போயிடும்னு பயம். நெசமா தீ புடிச்சா என்னாகும்னு நினைச்சா தூக்கமே வரமாட்டேங்குது.

கோவை_சேஃப்டி: சூப்பர்வைசர்கிட்ட இருந்து ஆரம்பிங்க ப்ரோ. 2012 நவம்பர்ல டாக்கா பக்கம் தஸ்ரீன் ஃபேஷன்ஸ்ங்கற கார்மெண்ட்ஸ் ஃபேக்டரில இதேதான், அலாரம் அடிச்சும் வேலைய பாருங்கன்னு மேனேஜருங்க திருப்பி அனுப்புனாங்க, 110 பேருக்கு மேல செத்துப்போனாங்க. தீ புடிச்சது கீழ்தளத்துல நூலும் துணியும் அடுக்கி வச்ச இடத்துல, படிக்கட்டு எல்லாமே அங்கதான் போய் இறங்குச்சு. உங்க படி எங்க போய் இறங்குதுன்னு இன்னைக்கே நடந்து பாருங்க. ட்ரில் நேரத்துக்கும் கூலி உண்டுன்னு முதலாளி வாயால சொல்ல வைங்க, அப்பதான் எந்திரிப்பாங்க.

மலர்_ஹெச்ஆர்: படியில செருப்பு கெடக்குதான்னும் பாருங்க தம்பி. எல்லாரும் வாசல்லயே கழட்டி விட்டுட்டு உள்ள போவாங்க, கரண்ட் போய் புகையில ஓடி வர்றப்ப அதுலதான் தடுக்கி விழுவாங்க. எங்க யூனிட்ல ஒடிசா புள்ளைங்க அதிகம், தமிழ்ல மைக்ல கத்தி பிரயோஜனமே இல்ல, அவங்கள்லயே ஒரு பொண்ணுக்கு ட்ரெயினிங் குடுத்தப்புறம்தான் எல்லாரும் கெளம்புனாங்க. தலை எண்றப்ப கான்ட்ராக்ட் ஆளுங்க பேர் ரிஜிஸ்டர்ல இருக்காது, அத விட்டுடாதீங்க.

பனியன்_லைன்: ரொம்ப நன்றிங்க அக்கா. பின்னாடி படி கதவுக்கு பூட்டு போட்டிருக்காங்க, கேட்டா பீஸ் திருடு போகுதாம்.

கோவை_சேஃப்டி: பூட்ட மொதல்ல எடுங்க! 1911ல நியூயார்க் ட்ரையாங்கிள் ஃபேக்டரிலயும் திருட்டுக்கு பயந்துதான் கதவ பூட்டி வச்சிருந்தாங்க, 146 பேர் போயிட்டாங்க. தீ புடிச்சா தப்பிக்க வழி இருக்கணும்னு 2025 வரைக்கும் இருந்த நம்ம ஃபேக்டரீஸ் ஆக்ட் 38வது பிரிவே சொல்லுச்சு. கதவுல பேனிக் பார் (தள்ளுனா திறக்கற கம்பி) போடச் சொல்லுங்க, வெளிய இருந்து திறக்க முடியாது, உள்ள இருந்து தள்ளுனா திறந்துக்கும், கூட ஒரு பஸ்ஸர் மாட்டிட்டா யாரு திறந்தாலும் செக்யூரிட்டிக்கு கேட்டுடும்.