புதுப்பிப்பு: அநாதை இல்லம் கட்டப் போய் வந்தேன்

வெளிநாட்டில் ஓர் அநாதை இல்லத்துக்கு மண்கல் (மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சுடாமல் செய்யும் கல்) கட்டடம் எழுப்பும் தன்னார்வப் பணிக்குப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போய், ஆறு வாரம் இருந்து, திரும்பியும் வந்தாயிற்று.

வேலை பிடித்திருந்தது. முதல் நாள் ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் சட்டென்று அடியில் உட்கார்ந்துவிட்டது. களிமண் தெளிய மறுநாள் ஆனது. அந்த அடுக்குகளைப் பார்த்துத்தான் எவ்வளவு மணல் சேர்ப்பது என்று முடிவு. சிமெண்ட் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு, அவ்வளவுதான். சூளை கிடையாது, விறகு மிச்சம். ஆனால் நாங்கள் முதலில் அடித்த கற்களை வெயிலில் விட்டுவிட்டோம். தொட்டால் விளிம்பு உதிர்ந்தது. நிழலில் சாக்கு மூடி 28 நாள் ஈரம் காக்க வேண்டுமாம். கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் அவற்றை நடைபாதைக்கென்று ஓரம் கட்டினார்.

அப்புறம், "அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா என்று கேளுங்கள்" என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. அங்கே போய்க் கேட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. வறுமையால் விட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால், நாங்கள் கட்டும் இல்லமே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வழிசெய்கிறதோ என்று தோன்றியது. காப்பகங்களில் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டிருப்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறையும் மண்கல்தான், ஆனால் பள்ளிக்கூடமோ வீடுகளோ கட்டுகிற இடமாகத் தேடுகிறேன். தெரிந்தால் சொல்லுங்கள்.