பழைய ஃபைபர் படகில் புதுசா பிளாட்டர், எக்கோ, வயர்லெஸ், ஏஐஎஸ்: எங்கிருந்து தொடங்குவது?

பாக்கடல்34:
34 அடி ஃபைபர் படகு, செகண்ட் ஹேண்ட். உள்ளே டீசல் இன்ஜின். மண்டபத்துக்கு வடக்கே பாக் நீரிணையில்தான் பெரும்பாலும் ஓட்டம், சில மாதம் தெற்கே மன்னார் வளைகுடா. படகோடு வந்தது 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று, திரை மங்கிய பழைய ஜிபிஎஸ் (பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும் இடங்கள் 300 புள்ளிக்கு மேல் அதற்குள் இருக்கின்றன), முறுக்கி டேப் சுற்றிய வயர்கள்.

வாங்கி வைத்திருப்பது: எக்கோவும் (ஒலி அனுப்பி ஆழமும் மீனும் காட்டுவது) சேர்ந்த 9 அங்குல பிளாட்டர் (கடல் வரைபடத் திரை), படகின் அடியில் உள்பக்கமாக ஒட்டுகிற 600 வாட் 50/200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் (எக்கோவுக்கு ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்), 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ், கிளாஸ் பி ஏஐஎஸ் (நம் படகின் இடத்தை மற்றவர்களுக்கும், அவர்கள் இடத்தை நமக்கும் காட்டுவது). பிளாட்டரும் ஏஐஎஸ்ஸும் என்எம்இஏ 2000 (கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் முறை).

ஒரே பேட்டரி போதுமா? டிரான்ஸ்டியூசரை எங்கே ஒட்டுவது? பழைய புள்ளிகளைப் புதியதில் எப்படி ஏற்றுவது? இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டையும் அதில் போட்டாக வேண்டும்.

சோழகம்:
பெட்டியைப் பிரிக்கும் முன் பழைய வயரை முழுசாக உருவிப் போடுங்கள். டேப் சுற்றிய ஒவ்வொரு முறுக்கும் உப்பு ஏறும் இடம்.

ஒரே பேட்டரி வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் 10-க்குக் கீழே போகும், பிளாட்டர் அணைந்து மறுபடி எழும். சில புள்ளிகளைச் சேமிக்கிற நேரத்தில் அப்படி ஆனால் அவை போயே போகும். இன்ஜினுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று, நடுவில் பேட்டரி சுவிட்ச். கணக்கு இதுதான்: பிளாட்டர் 2 ஆம்பியர், ஏஐஎஸ்ஸும் வயர்லெஸ் கேட்பதும் சேர்ந்து 1, எல்இடி விளக்கு 1. 12 மணி நேரத்துக்கு 48 ஏஎச். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது, ஆகவே கருவிகளுக்கு மட்டுமே ஒரு 100 ஏஎச்.

வயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். வீட்டு வயர் ஒரு மழைக்காலத்தில் உள்ளே கறுத்துவிடும். வயர்லெஸ் மைக்கை அழுத்தும்போது 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 1 சதுர மிமீ வயரில் 0.8 வோல்ட் கரையும், 2.5-இல் 0.3 தான். "கேட்கிறது, பேசினால் போகவில்லை" என்கிற புகாரில் பாதி இந்த 1 மிமீ வயர்தான்.

ஃபியூஸ் பாக்ஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது வயரை. படகுக்குள் நீளமான வயர் உரசித் தேய்ந்தால் கருவி முனையில் இருக்கும் ஃபியூஸ் எதற்கும் உதவாது.

ஏராமரம்:
டிரான்ஸ்டியூசருக்கு இடம் தேடும்போது உள்ளே பாருங்கள், வெளியேயும் பாருங்கள். இன்ஜினுக்கு முன்னால், ஏராவுக்கு (படகின் அடி நடுமரம்) பக்கத்தில், படகு ஓடும்போதும் தண்ணீரை விட்டு எழாத இடம் வேண்டும். அதற்கு முன்னால் வெளிப்புறத்தில் தண்ணீர் இழுக்கும் துளையோ, ஒட்டுப் போட்ட மேடோ இருந்தால் குமிழி அதன் கீழே ஓடும், எக்கோ வெள்ளையாகிவிடும்.

ஃபைபர் அந்த இடத்தில் முழுத் தகடாக இருக்க வேண்டும். இடையில் பலகையோ நுரையோ வைத்து வார்த்திருந்தால் ஒலி தாண்டாது. செகண்ட் ஹேண்ட் படகில் யார் எங்கே ஒட்டினார்கள் என்று தெரியாது, அதனால் ஒட்டுவதற்கு முன் சோதனை: கனமான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, காற்று இல்லாமல், அதற்குள் டிரான்ஸ்டியூசரை இறக்கி, பையை அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஃபைபர் மேலேயும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆழத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அதையே படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்து, தரைக்கோடு சற்று மங்கினால் பரவாயில்லை. ஆழமே வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

ஒட்டும்போது மேற்பரப்பை மணல் தாளால் தேய்த்து, பெயின்ட் முழுவதையும் எடுத்து, எபாக்ஸியை மெதுவாகக் கலக்கி (வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி, குமிழியைத் தாண்டி ஒலி போகாது), டிரான்ஸ்டியூசரைத் திருகியபடி அழுத்துங்கள். சிலிக்கான் வேண்டாம். கேபிளை வெட்டி இணைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் சுருட்டி வையுங்கள், ஆல்டர்னேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாமல்.

பாக் நீரிணையில் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம், அங்கே 200 கிலோஹெர்ட்ஸ் போதும். 12 டிகிரி கற்றை 10 மீட்டரில் 2 மீட்டர் வட்டம்தான் பார்க்கும், பாரின் விளிம்பு தெளிவாகத் தெரியும். 50 கிலோஹெர்ட்ஸ் மன்னார் பக்கம் ஆழத்துக்குப் போகும்போது. இன்னொன்று: உள்ளே ஒட்டியது காட்டும் தண்ணீர்ச் சூடு உண்மையில் ஃபைபரின் சூடு, அதை நம்பி மீன் தேடாதீர்கள்.

சோழகம்:
அண்ணே, 34 அடிக்கு வெண்கல டிரான்ஸ்டியூசரைத் துளை போட்டு வெளியே வைப்பதே நல்லது என்பேன். 50 கிலோஹெர்ட்ஸில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஏராமரம்:
தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். பெரும்பாலும் 15 மீட்டரில் ஓடும் படகுக்கு உள்ளே ஒட்டியதே போதும். வெளியே வைத்தால் முகத்தில் சிப்பி ஏறும், அதற்குச் செம்பு கலந்த படகு பெயின்ட் அடிக்கக் கூடாது, டிரான்ஸ்டியூசருக்கான தனிப் பெயின்ட் வாங்க வேண்டும்.

கச்சான்:
ஆன்டெனா பற்றி யாரும் பேசவில்லையே. விஎச்எஃப் நேர்க்கோட்டில் போகும். ஆன்டெனா உச்சி தண்ணீரிலிருந்து 4 மீட்டர், எதிர்ப் படகிலும் 4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9 கடல் மைல். இரண்டும் 9 மீட்டரானால் 13. வாட்டைக் கூட்டி இதை மாற்ற முடியாது, கம்பத்தை உயர்த்துங்கள். 10 மீட்டர் கேபிளுக்கு ஆர்ஜி-58 போட்டால் 25 வாட்டில் 16 தான் மேலே போய்ச் சேரும், ஆர்ஜி-213 என்றால் 20. முனையில் பிஎல்-259 பிளக் சரியாகச் சாலிடர் ஆகியிருக்க வேண்டும், அதன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். ஆன்டெனா இல்லாமல் மைக்கை அழுத்தாதீர்கள், வெளியேற்றும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஏஐஎஸ்ஸுக்குத் தனி விஎச்எஃப் ஆன்டெனா வையுங்கள், வயர்லெஸ் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, முடிந்தால் உயரத்திலும் வேறுபடுத்தி. ஒரே ஆன்டெனாதான் என்றால் ஏஐஎஸ்ஸுக்கான ஸ்பிளிட்டர் வேண்டும். டிவிக்குப் பிரிக்கிற மாதிரி 'டி' போட்டால் இரண்டும் கெடும்.

எம்எம்எஸ்ஐ எண் (வயர்லெஸ்ஸிலும் ஏஐஎஸ்ஸிலும் படகின் அடையாளம்) 9 இலக்கம், இந்தியாவுக்கு 419-இல் தொடங்கும். முதலில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம், பிறகுதான் எண்ணைப் பதிய வேண்டும். பல கருவிகள் ஒன்றிரண்டு முறைக்கு மேல் எண்ணை மாற்ற விடாது, பூட்டிக்கொள்ளும். சேனல் 70-இல் ஆபத்துப் பொத்தான் அழுத்தினால் இடமும் சேர்ந்து போக வேண்டும் என்றால் வயர்லெஸ்ஸுக்கு ஜிபிஎஸ் கிடைத்தாக வேண்டும். உள்ளே ஜிபிஎஸ் இல்லாத மாடலாக இருந்தால் பிளாட்டரிலிருந்து என்எம்இஏ வயர் இழுங்கள்.

திசைகாட்டி பக்கத்தில் வயர்லெஸ் ஸ்பீக்கரை வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது.

வலம்புரி:
புள்ளிகள் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய ஜிபிஎஸ்ஸில் செட்டிங்ஸில் இரண்டு விஷயம் பாருங்கள்: டேட்டம் (இடத்தை அளக்கும் அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84 தானா, பாகை எந்த வடிவத்தில். 30.50 என்பது தசம நிமிடமா, 30 நிமிடம் 50 விநாடியா? தவறாகப் படித்தால் அட்சரேகையில் 617 மீட்டர் தள்ளிப் போகும், பார் காணாமல் போகும். ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுக்க முடிந்தால் எடுங்கள், வடிவச் சிக்கல் வராது. இல்லையேல் கையால் ஏற்றி, முதலில் துறைமுக வாயில் மாதிரி தெரிந்த ஒரு புள்ளியை நேரில் போய் சரிபாருங்கள்.

எல்லைக்கோடு: 1974 ஒப்பந்தத்தின் 3-ஆம் புள்ளி 09°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு. 4-ஆம் புள்ளி 09°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு. தசம நிமிடத்தில் இருக்கின்றன. விநாடி வடிவத்தில் போட்டால் 80-ஐயும் 70-ஐயும் கருவி ஏற்காது, 40.15-ஐ ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு 185 மீட்டர் வடக்கே தள்ளும். தவிர, ஒப்பந்தம் வந்தபோது டபிள்யூஜிஎஸ் 84 இல்லை, அதனால் கோட்டை நூல் பிடித்து ஓட்டாதீர்கள்.

பல பிளாட்டர்களில் கோட்டுக்கு அலாரம் கிடையாது, புள்ளிக்கு உண்டு. எல்லையின் 3, 4-ஆம் புள்ளிகளுக்கு நடுவே 20 கடல் மைல். 2 மைலுக்கு ஒன்றாக 11 புள்ளி வைத்து ஒவ்வொன்றுக்கும் 1.5 மைல் அலாரம் வட்டம் கொடுங்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், மிக மெலிந்த இடத்திலும் கோட்டுக்கு 1.1 மைல் முன்பே ஒலிக்கும்.

பாக்கடல்34:
நன்றி எல்லோருக்கும். இரண்டு பேட்டரியும் வயரும் போட்டாச்சு. பை சோதனையில் இரண்டாவது இடம் சரியாக வந்தது, ஒட்டிவிட்டேன். இரண்டு சிக்கல் மிச்சம். ஏஐஎஸ் பிளாட்டரில் வந்து வந்து போகிறது. இன்ஜின் போட்டால் எக்கோவில் புள்ளிப் புள்ளியாகக் கோடு.

சோழகம்:
கருவிகளை அணைத்து, என்எம்இஏ 2000 கேபிளில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். எத்தனை ஓம்?

பாக்கடல்34:
40.

சோழகம்:
டெர்மினேட்டர் (கேபிள் முனையில் மாட்டும் மின்தடை) மூன்று மாட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 120 ஓம், இரண்டு முனையிலும் ஒன்றொன்று இருந்தால் 60 காட்ட வேண்டும். பிளாட்டர் கிட்டில் வந்ததையும் ஏஐஎஸ் கிட்டில் வந்ததையும் சேர்த்து மாட்டியிருப்பீர்கள். நடுவில் இருப்பதைக் கழற்றுங்கள். 120 காட்டியிருந்தால் ஒன்று குறைவு என்று அர்த்தம். கருவிக்குப் போகும் கிளை வயர் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஏராமரம்:
கோட்டுக்கு: இன்ஜினை வேகப்படுத்தினால் கோடுகள் நெருங்குகிறதா? அப்படியானால் ஆல்டர்னேட்டர் சத்தம். பிளாட்டர் மைனஸை இன்ஜின் பாடியிலிருந்து எடுத்திருந்தால் கழற்றி, நேராகக் கருவி பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டு போங்கள். டிரான்ஸ்டியூசர் கேபிளை இன்ஜின் வயர்க் கட்டிலிருந்து பிரியுங்கள். அப்படியும் கோடு போகாவிட்டால் பிளாட்டர் பவர் வயரில் கருவிக்கு அருகே ஃபெரைட் வளையம், வயரை மூன்று சுற்று உள்ளே விட்டு.

பாக்கடல்34:
60 வந்துவிட்டது, ஏஐஎஸ் இப்போது விடாமல் வருகிறது. மைனஸ் இன்ஜின் பாடியில்தான் இருந்தது, மாற்றியதும் கோடு போய்விட்டது.