உறுதியில் இல்லாத ‘தான்’

வாவிக்கரையோன் எழுதியது:

எழுதுவினைஞர் என்ற பெயரில் இங்கே எழுதும் அன்பர், இன்றைய சமூகத்தில் கிறிஸ்தவன் உண்மையாக வாழ்வதைப் பற்றி நேற்று நீண்ட பதிவொன்றை இட்டிருந்தார். பிள்ளைகளுக்கு மெய் பேசப் பழக்குவது, பரீட்சையில் பார்த்தெழுதாதிருப்பது, கந்தோருக்கு நேரத்தோடு போவது என்று முக்காற்பங்கு நன்றாகவே இருந்தது. கடைசிப் பந்தியில், தாம் மட்டக்களப்பு கல்லடியில் விற்ற வளவின் விலை 60 இலட்சம் என்றும், வாங்கியவர் கேட்டுக்கொண்டபடியால் விற்பனைப் பத்திரமான உறுதியில் 20 இலட்சம் என்று எழுதச் சம்மதித்ததாகவும், இது ஊர் வழக்கம், இதைப் பொய் என்பவன் ஊரறியாதவன் என்றும் முடித்திருந்தார்.

நான் ஊரறியாதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தை அறிவேன். அனனியாவும் சப்பீராளும் காணி விற்றவர்கள். பேதுரு அந்த அம்மாவிடம் கேட்டது, நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்ற ஒரேயொரு கேள்வி. அவள் சொன்னது, ஆம், இவ்வளவுக்குத்தான் என்ற ஒரேயொரு பதில். உடனே விழுந்து செத்தாள். உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் எழுதுவினைஞர் சொன்ன பதிலுக்கும் அவள் சொன்னதற்கும் என்ன வேறுபாடு என்று அவர் விளக்க வேண்டும்.

எழுதுவினைஞர் எழுதியது:

ஐயா, தங்கள் வேத ஞானத்தை இக்குழு நன்கறியும். தாங்கள் ஒரு காணி உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்ததுண்டா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

அனனியா செத்தது விலையைக் குறைத்ததற்காக அன்று. விற்குமுன் அது உன்னுடையதாக இருக்கவில்லையா என்று நான்காம் வசனத்தில் பேதுருவே கேட்கிறார். முழுவதையும் காணிக்கை வைப்பதாகப் பாவனை செய்துவிட்டு ஒரு பங்கை ஒளித்ததே அவர்களுடைய குற்றம். நான் எந்த அப்போஸ்தலருடைய பாதத்திலும் எதையும் வைப்பதாகச் சொல்லவில்லை. அதைவிட, சப்பீராள் ‘இவ்வளவுக்குத்தான்’ என்றாள். அவளைக் கொன்றது அந்தத் ‘தான்’. என் உறுதியில், ரூபா இருபது இலட்சத்தைப் பெற்றுக்கொண்டு என்று இருக்கிறது. பெற்றுக்கொண்டேனா? பெற்றுக்கொண்டேன். இருபது இலட்சத்தைத்தான் பெற்றுக்கொண்டேன் என்று எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

வாவிக்கரையோன் எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவனுக்கு இடைச்சொல் வகுப்பு எடுக்கிறார்! ஐந்து பிள்ளைகளைப் பெற்றவன் விதானையாரிடம் போய், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு இருப்பது உண்மைதானே, இரண்டுதான் என்று நான் எழுதவில்லையே என்று வாதாடினால், அவனை உண்மையாளன் என்போமா? சில இடங்களில் ‘தான்’ எழுதப்படாமலே நிற்கும். விலை சொல்லும் இடம் அவற்றில் முதலாவது.

உறுதியை வாசித்ததுண்டா என்று கேட்டபடியால் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் செய்யச் சொன்னது எதற்காக? அந்தச் சட்டத்தின் பெயரே மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம். மோசடியைத் தடுக்க எழுந்த கடதாசியில் விலையை மறைத்து எழுதுவது ஊர் வழக்கமாம்.

கணக்கையும் பார்ப்போம். கைமாற்றத்துக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை. 60 இலட்சத்துக்கு 2,39,000 ரூபாய் வரும். 20 இலட்சத்துக்கு 79,000 ரூபாய். இடையில் மறைந்தது 1,60,000 ரூபாய். அந்தத் தீர்வை மாகாணத்தின் ஊடாகக் காணி இருக்கும் இடத்து உள்ளூராட்சி சபைக்கே திரும்பி வருகிறது. மாரியில் வடிகான் பொங்கி வீட்டுப் படியை நனைக்கும்போது சபையைத் திட்டுகிறவர்களில் எழுதுவினைஞரும் ஒருவர். சென்ற மார்கழியில் இதே குழுவில் அவர் எழுதியதை நான் மறக்கவில்லை.

எழுதுவினைஞர் எழுதியது:

வடிகானுக்குள் என்னை இறக்கிவிட்டால் வாதம் வென்றதாகாது. முத்திரைத் தீர்வையைக் கட்டுவது வாங்குபவர். மிச்சம் பிடித்தவரும் அவரே. மேலும், உறுதியில் என்ன எழுதியிருந்தாலும் இறைவரித் திணைக்களம் தானே மதிப்பிட்டு, குறைவாகக் கட்டிய மிகுதியை அறவிடலாம். அவர்கள் நம்பாத ஓர் எண்ணை எழுதினால் அதில் ஏமாறியவர் எவர்? ஏமாறியவர் இல்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வந்தது? ‘தான்’ எந்த வரியில் என்ற என் கேள்விக்கு ஐயா இன்னும் பதில் தரவில்லை.

டொரன்டோ வாசி எழுதியது:

இதையெல்லாம் வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. இங்கே காணி விற்றால் விற்ற விலையையே எழுதுவார்கள். அதற்கு வேத வசனம் தேவைப்படுவதில்லை. ஊரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார்கள், திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போவார்கள்.

வாவிக்கரையோன் எழுதியது:

டொரன்டோத் தம்பி ஊருக்கு வந்தபோது கடற்கரையோரம் வாங்கிய காணியின் உறுதியில் என்ன விலை எழுதினார் என்பதை முதலில் சொல்லட்டும். காணி விலையை இந்த அளவுக்கு ஏற்றிவிட்டவர்களே இப்போது மேலேயிருந்து சிரிக்கிறார்கள்.

எழுதுவினைஞருக்கு: ஏமாறியவர் இல்லையென்றால் எதற்காகக் குறைத்து எழுதினீர்கள்? நம்பப்படாத எண்ணை எழுத எவரும் மெனக்கெடுவதில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன ஆதாய வரி திரும்பி வந்தபின் விற்பவருக்கும் இதில் ஆதாயம் உண்டென்பதை, கந்தோரில் கணக்கெழுதிய தாங்கள் அறியாதவரல்லர். உங்களிடம் வாங்கியவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அவர் நாளைக்கு 70 இலட்சத்துக்கு விற்றால், வாங்கிய விலை 20 இலட்சம் என்றே கடதாசி சொல்லும். தாம் காணாத இலாபத்துக்கு வரி கட்ட வேண்டும், அல்லது அவரும் குறைத்து எழுத வேண்டும். வளவோடு சேர்த்து உங்கள் பொய்யையும் அவருக்குக் கைமாற்றியிருக்கிறீர்கள்.

மெதடிஸ்தப் பேரன் எழுதியது:

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் இந்த ஊருக்கு வந்து, அடுத்த வருடமே இந்த மண்ணில் உயிரை விட்டார். அந்த மரபில் வளர்ந்த எங்களுக்கு உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வதே பழக்கம். மற்ற சபைகளில் எப்படியோ, நானறியேன்.

தாண்டவன்வெளியாள் எழுதியது:

தம்பி, 1814க்கு முன்னர் மட்டக்களப்பில் ஒருவரும் செபம் சொல்லவில்லை என்ற மாதிரி எழுதுகிறீர்கள். போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். எங்கள் வேதாகமத்தில் அந்தப் பெண்ணின் பெயர் சப்பிரா, சப்பீராள் அல்ல. அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் மூத்த மகளுக்காக ஒரு வளவு பேசினோம். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு வளவு இல்லாமல் கலியாணப் பேச்சு படலையைத் தாண்டாது என்பது உங்களுக்குத் தெரியும். நொத்தாரிசின் அறையில் உறுதி தட்டச்சாகி மேசையில் இருந்தது. விலைக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு எண்கள். கீழே இருந்த சின்ன எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். தேநீரா கோப்பியா என்று கேட்பது போல, எந்தத் தொகையைப் போடுவோம் என்று அவர் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மேலே உள்ளதைப் போடுங்கள் என்றேன். விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை. தோற்பையைத் திறந்து தமது பழைய உறுதியை உள்ளே வைத்தார், பூட்டினார், எழுந்து போய்விட்டார். அந்த வளவின் மூலையில் ஒரு முருங்கை நின்றது. இப்போது வாங்கியவர் அதை வெட்டிவிட்டார். மகள் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

எழுதுவினைஞர் எழுதியது:

தங்கச்சிக்காக வருந்துகிறேன். ஆனால் என் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பிடிவாதத்தால் பிள்ளைக்கு வளவு போயிற்று; வளவு அந்தச் சின்ன எண்ணுக்கே வேறொருவருக்குப் போயிருக்கும். சபைக்கும் ஒரு சதம் கூடவில்லை.

தாண்டவன்வெளியாள் எழுதியது:

என்னை உங்கள் பக்கத்துச் சாட்சியாக எழுத நான் சம்மதிக்கவில்லை. போனது வளவு. அதை நான் பிடிவாதம் என்று சொல்லவில்லை, நீங்கள் சொல்கிறீர்கள். என் மகள் இதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பழைய பாடகன் எழுதியது:

2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. விசுவாசத்துக்காக உயிர் போன ஊரில் இருந்துகொண்டு ஓர் இடைச்சொல்லுக்காக அடிபடுகிறீர்களே.

வாவிக்கரையோன் எழுதியது:

அந்தப் பிள்ளைகளைத் தயவுசெய்து இந்தத் திரிக்குள் கொண்டுவர வேண்டாம். அவர்களின் பெயரைச் சொன்னால் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூடியபின் உறுதியில் 20 இலட்சம் அப்படியே இருக்கும். விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கும்படி எவரும் எழுதுவினைஞரைக் கேட்கவில்லை. 1,60,000 ரூபாய்க்குரிய உண்மையைத்தான் கேட்டோம். அதையும் அவரிடம் கேட்காமல் வாங்கியவரிடம் கேட்க வேண்டுமாம்.

‘தான்’ எந்த வரியில் என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். ‘கிரயம்’ என்ற சொல் இருக்கும் வரியில் இருக்கிறது. கிரயம் என்றால் விலை. விலையில் ஒரு பங்கு கிரயமாகாது. நாற்பது இலட்சத்தை வேறொரு பெயரில் வாங்கினீர்களா? அன்பளிப்பா? முருங்கைக்கும் கிணற்றுக்கும் உரிய விலையா? பற்றுச்சீட்டு உண்டா?

எழுதுவினைஞர் எழுதியது:

பற்றுச்சீட்டுக் கேட்கும் ஐயாவிடம் ஒரு சிறு கேள்வி. 2009இல் தங்கள் மகளின் கலியாணத்துக்கு எழுதிய சீதன உறுதியில் வீடு வளவின் பெறுமதி என்னவென்று போட்டீர்கள்? காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தினால் எவரும் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர் சொன்னார்.

வாவிக்கரையோன் எழுதியது:

எதிர்பார்த்தேன். வாதம் தீர்ந்தால் மனிதன் அடுத்தவன் வீட்டுப் பெட்டியைத் திறப்பான். அது நன்கொடை உறுதி. அதில் கிரயம் இல்லை, ஏனென்றால் விற்பனை இல்லை. பெறுமதி என்பது ஒருவருடைய மதிப்பீடு. பத்துப் பேர் பத்து விதமாக மதிப்பிடலாம். கையில் எண்ணி வாங்கிய காசை எவரும் மதிப்பிடுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது, பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் ஒன்றாக்குவது போன்றது.

எழுதுவினைஞர் எழுதியது:

ஆக, நான் எழுதினால் பொய், ஐயா எழுதினால் மதிப்பீடு. அந்த வீட்டின் பெறுமதி அவ்வளவுதானா?

மெதடிஸ்தப் பேரன் எழுதியது:

கோட்டை கட்டியதும் கோயில் கட்டியதும் ஒன்றல்ல என்பதைத் தாண்டவன்வெளி அக்காவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாவிக்கரையோன் எழுதியது:

பேரன் சற்றுப் பொறுக்கவும். எழுதுவினைஞர் என் மகளின் வீட்டைச் சுற்றி வருகிறாரே தவிர, தம் வளவின் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் கேட்கிறேன். பேதுரு இன்று புளியந்தீவில் உங்கள் நொத்தாரிசின் அறைக்குள் வந்து, கல்லடி வளவை இவ்வளவுக்குத்தானா விற்றீர் என்று கேட்டால், என்ன சொல்வீர்கள்? ஆம் என்பீர்களா, இல்லை என்பீர்களா? ஒரு சொல் போதும்.

எழுதுவினைஞர் எழுதியது:

பேதுரு வந்தால் பேதுருவிடம் சொல்லிக்கொள்கிறேன். தங்களுக்கு நான் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ‘தான்’ இன்னும் காட்டப்படவில்லை என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

வாவிக்கரையோன் எழுதியது:

உறுதியின் இரண்டாம் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுங்கள், காட்டுகிறேன். இலக்கத்தையும் பெயர்களையும் மறைத்தே போடுங்கள். திங்கட்கிழமை வரை காத்திருப்பேன்.