ஆட்டிசம் பிள்ளைக்குத் தெரபிஸ்ட்டைத் தேடி அலைந்த கதை: அவரவர் அனுபவம்

திண்டுக்கல் அம்மா:

மகனுக்கு இப்போது நான்கு வயது. இரண்டே கால் வயதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "ஆம்பளப் பிள்ளதானே, இவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயத் திறந்தான்" என்றார் மாமியார். குழந்தை மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ்தான் "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?" என்று கேட்டு, அரசு மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. என்ற குழந்தை வளர்ச்சிக் குறைபாட்டு மையத்துக்கு அனுப்பினார். அங்கே ஆட்டிசம் இருக்குமா என்று பார்க்க, எம்-சாட் என்று 20 கேள்விகள் கேட்டார்கள். 'எதையாவது காட்ட விரலை நீட்டுகிறானா' என்ற கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் டப்பாமேல் வைப்பான். அவன் விரல் எதையும் சுட்டியதில்லை.

அப்புறம் தனியார் மையம். 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். கதவைச் சாத்திக்கொள்வார்கள். "அம்மா உள்ள இருந்தா குழந்தை கோஆபரேட் பண்ண மாட்டான்" என்றார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான்கு மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. வீட்டில் தட்டை வைத்தாலும் கையைக் கட்டினான். எப்படிச் சாப்பிடுவான்? மையத்துக்கு ஆட்டோ திரும்பும் முனை வந்ததுமே அழ ஆரம்பித்தான். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதாகக் கிடைத்தவர் முதல் இரண்டு நாளும் எங்கள் வீட்டுத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். இதற்கா காசு என்று கணவர் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் அவர் கேட்டது: "வீட்ல எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

மிக்சி, என்றேன். மிக்சி போட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். சத்தம் அவனுக்கு ஆகாது என்று நாங்களே முடிவு கட்டி, காதுக்கு மஃப் வாங்கிக் கொடுத்து, அதையும் அவன் கழற்றி எறிந்திருந்தான். அவர் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம். பத்து நாள் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே பதில்: 'ஓடிப்போய்த் தூக்கினேன்'. ஞாயிற்றுக்கிழமை கணவர் சட்னி அரைத்தபோது மட்டும் முட்டவே இல்லை. என் மடியில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறான். ஆக, சத்தம் காரணமே இல்லை. நான் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் காரணம். என்னைத் திரும்ப வைக்க அவனிடம் இருந்த ஒரே வழி சுவர்.

அதற்குப் பதிலாக என் முந்தானையை இழுக்கச் சொல்லிக் கொடுத்தோம். இழுத்தால் அந்த நொடியே திரும்ப வேண்டும், பால் பொங்கினாலும். ஆறு வாரம் ஆனது. பால் பலமுறை பொங்கியது.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

கோவை அப்பா:

எங்களிடம் "வாரம் 40 மணி நேரம் தெரபி கொடுத்தால் நார்மல் ஆகிவிடுவான், ஆராய்ச்சியே இருக்கிறது" என்றார்கள். மாதக் கட்டணம் என் சம்பளத்தில் முக்கால்வாசி. நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன், அந்த ஆராய்ச்சியைத் தேடிப் படித்தேன். லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் அமெரிக்காவில் வெளியிட்டது. 40 மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள் மொத்தம் 19 குழந்தைகள், அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் மற்றவர்களைப் போலப் படித்தார்கள் என்கிறார். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. சத்தமாக "நோ" என்று அதட்டுவதும், சில சமயம் தொடையில் அடிப்பதும் அந்த முறைக்குள் இருந்தது. இதையெல்லாம் எங்களிடம் யாரும் சொல்லவில்லை, 40 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. அதில் சொல்லிக் கொடுத்தவர்கள் நிபுணர்களே இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்த்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். குழந்தைகள் தாங்களாகவே அம்மாவை நாடுவது கூடியிருந்தது. கதவைச் சாத்துவதற்கு நேர் எதிரான வழி இது.

இப்போது நான் யாரிடம் போனாலும் மூன்று விஷயம் கேட்கிறேன். உள்ளே உட்காரலாமா? இந்த மாத இலக்கு என்ன, எப்படி அளக்கிறீர்கள்? ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன? சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லோருக்கும் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். "பி.சி.பி.ஏ." என்று போர்டில் போட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். 2023 முதல், நடத்தைப் பயிற்சி நிபுணர்களுக்கான அந்த அமெரிக்கச் சான்றிதழுக்கு இந்தியாவில் இருப்பவர்கள் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு இடத்தில் பதிவு எண் கேட்டதற்கு, "சார், நம்பிக்கை இல்லன்னா வேற எடம் பாருங்க" என்றார்கள். பார்த்துக்கொண்டேன்.

தாம்பரம் அம்மா:

கொஞ்சம் சிரிக்கவும் ஒன்று. எங்கள் மையத்தில் எல்லாம் ஆங்கிலம். "வீட்டிலும் ஒரே மொழி பேசுங்க, ரெண்டு மொழின்னா குழந்தை குழம்பும்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் வேண்டும் என்பதற்கு "மோர்" என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். மகளும் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாட்டியைப் பார்த்து "மோர்" என்றாள். முதல் வார்த்தையல்லவா, என் அம்மா பூரித்துப் போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினார். அவள் தள்ளிவிட்டாள். மறுபடி "மோர்". உப்பு போதவில்லை போலிருக்கிறது என்று அம்மா உள்ளே போனார்.

பாட்டியோடுதான் பகல் முழுக்க இருக்கிறாள். பாட்டிக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு அவள் யாரிடம் கேட்பாள்? இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். இப்போது "இன்னும்" என்கிறாள். "இன்னு" என்றுதான் வருகிறது, ஆனால் ஊஞ்சல் ஆடுகிறது. படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலியிலும் தமிழ் வைத்திருக்கிறோம். சென்னையில் உருவானதுதான் அது.

அருப்புக்கோட்டை தாத்தா:

திண்டுக்கல் மகளே, நீங்கள் எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்வதை அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

பேரனை வாரம் இரண்டு நாள் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன், பஸ் எனக்குப் புதிதல்ல. ஆனால் அவனோடு போவது வேறு. ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் நடுப்பாதையில் படுத்துவிடுவான். "பிள்ளைய இப்படியா வளர்ப்பீங்க" என்று ஒரு அம்மாள் கேட்டார். என்ன பதில் சொல்வது? நானும் சர்வீஸில் இருந்த காலத்தில் யாரையாவது அப்படிக் கேட்டிருப்பேன்.

மதுரையில் தெரபி கொடுக்கும் அந்தப் பிள்ளை, சின்ன வயசு, நல்ல பொறுமை. நான் பஸ் கதையைச் சொன்னதும், "தாத்தா, இனி பஸ்ஸையே பாடமா வச்சுக்குவோம்" என்றது. படம் வரைந்த நான்கு அட்டை: நிற்பது, ஏறுவது, டிக்கெட் வாங்குவது, உட்காருவது. ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வருவான். டிக்கெட்டை அவன் கையில் கொடுத்துவிடுவேன், இறங்கும்வரை விடமாட்டான். ஜன்னல் கிடைக்காத நாளுக்கு ஐந்தாவதாக ஓர் அட்டை. இன்னும் அந்த அட்டை அவனுக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டான். மறுபடி வரைந்திருக்கிறோம்.

பெயர் வேண்டாம், சென்னை:

எனக்கு 26 வயது. ஆட்டிசம் எனக்குத்தான், என் பிள்ளைக்கு இல்லை. சிறுவயதில் நான்கு வருடம் தெரபிக்குப் போனேன். கையை உதறக் கூடாது என்பது என் இலக்குத் தாளில் முதல் வரி. உதறாமல் இருந்தால் ஜெம்ஸ் மிட்டாய். உதறுவதை நிறுத்தினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதற்குப் பதில் ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி விரித்தேன். அது யாருக்கும் தெரியாது. இன்றும் செய்கிறேன், இதைத் தட்டச்சு செய்யும்போதும்.

பல் தேய்க்கவும், ரோடு கடக்கவும் அங்கேதான் கற்றேன். அதற்கு நன்றி உண்டு. உங்கள் பிள்ளையின் இலக்குத் தாளை வாங்கிப் பாருங்கள். அதில் எது பிள்ளைக்காக, எது பார்க்கிறவர்களுக்காக என்று பிரித்துப் பாருங்கள். முந்தானையை இழுப்பது முதல் வகை. கண்ணைப் பார்த்துப் பேசு என்பது பெரும்பாலும் இரண்டாவது.

கோவை அப்பா:

இதைப் படித்துவிட்டு மகனின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 'கை உதறல் 80% குறைத்தல்' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. நாளைக்குப் போய்ப் பேசுகிறேன்.

திண்டுக்கல் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனையில் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்ததும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், பில்லைத் தொலைக்காதீர்கள். அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அன்று நான் அழுதேன். என்னைத் திரும்ப வைக்க ஒரு வருடம் சுவரோடு மோதியவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை?

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா என்று தனியாகக் கேட்ட சகோதரருக்கு: வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. அந்த லட்சங்களை வைத்திருங்கள்.

எங்கள் வீட்டுச் செய்தி: இன்று காலை முந்தானையை இழுத்தான். திரும்பினேன். என் கையைப் பிடிக்காமல், தன் விரலை நீட்டி மிக்சியைக் காட்டினான். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவனே ஸ்விட்சைப் போட்டுவிட்டான். நான் இன்னும் மூடியை வைத்திருக்கவில்லை. சுவர் முழுக்கத் தேங்காய்ச் சட்னி. மாமியார் துடைத்துக்கொண்டிருக்கிறார், நானும் போக வேண்டும்.