புதுப்பிப்பு: இடிபாடுகள மேலால படமெடுக்க ட்ரோன் எடுத்தாச்சு

பழைய இடிபாடுகள மேலால படமெடுக்க சிறகு வச்ச ரிமோட் விமானம் நல்லதோ, நாலு விசிறி ட்ரோன் நல்லதோ எண்டு முதல் கேட்டிருந்தன், பதில் போட்ட எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைசியில ஃபாண்டம் 4 ப்ரோ எண்ட நாலு விசிறி ட்ரோன் ஒண்டு செக்கண்ட்ஹாண்டா எடுத்தாச்சு.

சிறகு விமானம் பெரிய பரப்ப ஒரேயடியா அள்ளும், உண்மைதான், ஆனா இறக்க நீட்டு வெளி வேணுமே, திருகோணமலை பெரியகுளம் வெல்கம் விகாரைப் பக்கம் சுத்திவரக் காடு, எங்க இறக்கிறது? ட்ரோன் எண்டா நிண்ட இடத்திலயே ஏறி இறங்கும்.

இந்த ட்ரோன எடுத்த முக்கிய காரணம் கமராவில இருக்கிற மெக்கானிக்கல் ஷட்டர், அது முழுப் படத்தையும் ஒரேயடியாப் பதியும். மற்ற வகையான ரோலிங் ஷட்டர் படத்த வரிவரியாத்தான் பதியும், பறந்துகொண்டே எடுத்தா நேர்ச் சுவரும் சரிஞ்சுபோய், படங்கள ஒட்டி வரைபடம் செய்யேக்க அளவு பிசகும். 20 மெகாபிக்சல், 1 அங்குல சென்சார், 30 மீட்டர் உயரத்தில ஒரு பிக்சல் நிலத்தில 1 சென்டிமீட்டருக்கும் குறைவு, அப்ப தனித்தனிச் செங்கல்லே தெரியும்! ஒரு படம் மற்றதோட 80 வீதம் மேற்பொருந்திற மாதிரி எடுங்கோ.

250 கிராம் நிறையுள்ள சின்ன ட்ரோன் கச்சான் காத்துக்கு அலைக்கழியும் எண்டு தம்பி ஒராள் சொன்னது சரி. விடியவெள்ளன பறக்கிறதுதான் நல்லம், காத்தும் குறைவு, சாய்வு வெயில்ல புதைஞ்ச சுவரின்ர சின்ன மேடும் நிழலாத் தெரியும்.

திருகோணமலை பிரெட்றிக் கோட்டையப் பற்றிக் கேட்டவைக்கு, உள்ளுக்க ஆமி முகாம், அங்க பறக்க விடமாட்டன். மற்ற இடங்களுக்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில பதிஞ்சு, தொல்பொருள் திணைக்களத்திட்டயும் அனுமதி எடுத்துத்தான் ஏத்தோணும்.